இரண்டாம் தேங்காய்

சனிக்கிழமை காலை பத்து மணியானால் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து "தியோ" என்று ஒரு குரல் வரும். இராசமலர் அந்த நேரத்தில் அநேகமாகக் குசினியில் நிற்பாள். கையில் தேங்காய்ப் பாதி இருந்தால் அது திருவலைப் பல்லில் அப்படியே நிற்கும். வெங்காயம் என்றால் கத்தி பாதியில் நிற்கும். பின்கதவு திறந்து மூடுகிற சத்தம் கேட்ட பிறகுதான் கை மறுபடி ஓடும்.

கல்யாணமாகி இந்தப் பத்தொன்பது வருடத்தில் அவள் கணவனின் பெயரை வாயால் சொன்னதில்லை. குடிவரவுக் கந்தோரில் கேட்டபோதுகூடக் கடவுச்சீட்டைத் திருப்பிப் பெயர் இருந்த இடத்தில் விரலை வைத்துக் காட்டினாள். டொக்டரிடம் 'மை ஹஸ்பண்ட்.' வீட்டில் 'இஞ்சாருங்கோ.' தியாகலிங்கம் என்ற பெயர் அவளுக்குச் சாமியறையில் உயரத்தில் வைத்த சாமான் மாதிரி. அதைக் கீழே இறக்கி, பாதியை வெட்டி எறிந்துவிட்டு, தியோ என்று நாய்க்குட்டியைக் கூப்பிடுவதுபோல ஒருத்தி கூப்பிடுகிறாள். அவரும் போகிறார்.

ஒக்லாந்தில், மவுண்ட் ரோஸ்கில்லில் அந்தத் தெரு முழுக்க ஒரே அச்சில் வார்த்த மரவீடுகள். இவர்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் இடையில் நிற்பது பழைய மரவேலி. அதில் இரண்டு பலகை கழன்று ஒரு ஆள் பக்கவாட்டாகப் போகிற அளவுக்கு இடைவெளி உண்டு. அந்தப் பக்கம், அந்தக் குரலுக்குச் சொந்தமான கரோலின் கராஜ். கரோலுக்கு ஐம்பத்திரண்டு வயது. பிளாக்ஹவுஸ் பேயில் மருந்துக்கடையில் வேலை. விவாகரத்தாகிப் பன்னிரண்டு வருடம் தனியாக இருக்கிறாள். லீவு நாளில் ஆம்பிளைகளின் ஜெர்சியும் முழங்கால் வரை கறுப்பு ரப்பர் கம்பூட்ஸும் போட்டுக்கொண்டு கராஜில் பியர் காய்ச்சுவாள். முளைக்கவைத்துக் காயவைத்த பார்லியைக் குறுணலாக உடைத்து, சுடுதண்ணீரில் ஊறவைக்கும்போது ஹார்லிக்ஸ் கொதிக்கிற மணம் வேலி தாண்டி வரும். முதலில் இராசமலருக்கு அந்த மணம் பிடித்திருந்தது. இப்போது அந்த மணம் வந்தால் ஜன்னலைச் சாத்துகிறாள்.

தொடங்கியது ஜூன் மாதத்தில். கரோலின் கராஜ் கதவு இறுகிவிட்டது என்று திறந்துவிடப் போனவர் தியாகலிங்கம். உள்ளே ஒரு பெட்டியில் நீளக் கண்ணாடிக் குழல் ஒன்று கிடந்தது. யாழ்ப்பாணத்தில் அவர் ஒரு கல்லூரியின் இரசாயன ஆய்வுகூடத்தில் பதினாறு வருடம் வேலை பார்த்தவர். பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று மிதக்கவிட்டுப் பார்க்கிற குழலுக்கு இது ஒன்றுவிட்ட தம்பி என்று கண்டதுமே தெரிந்துவிட்டது. கையில் எடுத்தவர் ஒரு மணித்தியாலம் அங்கேயே நின்றுவிட்டார். இந்த ஊருக்கு வந்து மூன்று வருடமாக அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் நிற்கிற கைக்கு அது பழைய சிநேகிதரைக் கண்ட மாதிரி.

அதில் இராசமலருக்கு ஒரு குறையும் இல்லை. குறை வேறு. போன ஐப்பசியில் சண்டை நெருங்கி யாழ்ப்பாணமே வெளிக்கிட்டுத் தென்மராட்சிக்கு நடந்த நாளிலிருந்து அவருடைய அக்காவிடமிருந்து கடிதம் இல்லை. அன்றைக்கு வாயை மூடியவர்தான். வேலைக்குப் போவார், வருவார், சோபாச் செட்டியில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுப்பார். கேட்டால் 'ம்'. ஒன்பது மாதமாக அந்த 'ம்'மோடு குடும்பம் நடத்துகிறாள். அந்த மனுஷன் வேலிக்கு அந்தப் பக்கம் போய் இங்கிலீஷில் மணிக்கணக்காகக் கதைக்கிறார். சிரிக்கிறார். அவர் சிரிப்பதை அவள் பாத்திரம் கழுவிக்கொண்டு ஜன்னல் வழியாகக் கேட்கிறாள்.

"அம்மா, ஷி இஸ் ஜஸ்ட் எ நெய்பர்," என்பாள் மகள் நிசாந்தினி. பதினைந்து வயது. அவளுக்கு எல்லாமே ஜஸ்ட்தான்.

"நான் ஒண்டும் சொல்லேல்லையே."

"யூ ஆர் பேங்கிங் த பாட்ஸ்."

"சட்டி எண்டாச் சத்தம் போடும். நீ போய்ப் படி."

ஜூலை நடுவில் ஒரு சனிக்கிழமை. விடாத மழை. மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்த தியாகலிங்கம் சோற்றுக் கோப்பைக்கு முன்னால் இருந்து பிசைந்தபடியே இருந்தார். ஸ்னப்பர் மீன்தலைக் கறி. அவருக்கென்று தலையைத் தனியாக வைத்திருந்தாள்.

"ஐம்பதுக்கு மேலை போகுதில்லை," என்றார்.

வாயைத் திறந்துவிட்டாரே என்ற ஆச்சரியத்தில் அவள் அகப்பையைக் கீழே வைத்தாள். "என்ன ஐம்பது?"

"கரோலின்ரை பியர். ஊறல் தண்ணி எவ்வளவு தடிப்பெண்டு குழல் காட்டும், தொண்ணூறுக்குக் கிட்ட நிக்கவேணும். அவவின்ரை தேப்பன் வருசத்துக்கு ஒருக்கா நல்ல வெறியான கறுப்புப் பியர் காய்ச்சுறவராம். தன்ரை பிறந்தநாளுக்குத்தான் போத்தலை உடைக்கிறது. கொப்பியிலை எல்லாம் எழுதி வைச்சிருக்கிறார், எண்பத்தெட்டு, தொண்ணூறு எண்டு. எங்களுக்கு ஐம்பது."

எங்களுக்கு என்ற சொல் அவள் காதில் ஒரு மீன்முள் மாதிரி நின்றது. ஆனாலும் கேட்டாள். "தண்ணியைக் குறைக்கிறதுதானே."

"குறைச்சாத் தானியம் நனையாது. தானியத்தைக் கூட்டினாச் சட்டி கொள்ளாது. சட்டி சின்னன். தேப்பன்ரை பெரிய செப்பு அண்டாவை, மனுஷன் செத்தாப்பிறகு, அவவின்ரை தம்பிக்காரன் கொண்டுபோட்டான். அவவுக்குக் கிடைச்சது இந்தச் சட்டிதான்."

"அப்ப காய்ச்சி வத்த வைக்கிறது."

"அதுவும் பாத்தாச்சு. மூண்டு மணித்தியாலம் காய்ச்சினம். காஸ் முடிஞ்சதுதான் மிச்சம். கரிச்ச மணம் வேறை."

அவள் அவருக்கு இன்னொரு கரண்டி குழம்பு விட்டாள். தலையில் வேறு ஒரு யோசனையும் இல்லாமல், குழம்பு விடுகிற அதே கையின் ஓட்டத்தில் சொன்னாள்.

"இதென்ன பெரிய விசயம். இந்தச் சமோவாக்காரன்ரை கடைத் தேங்காயிலை பால் தடிப்பாய் வராட்டி நான் என்ன செய்யிறனான்? ஒரு தேங்காய் பிழிஞ்ச பாலையே மற்றத் தேங்காய்ப் பூவுக்குத் தண்ணியாய் விட்டுப் பிழிவன். நீங்களும் முதல் ஊறல் வடிச்ச தண்ணியைத் திரும்பச் சூடாக்கி, சக்கையைக் கொட்டிப்போட்டு, அதே சட்டியிலை புதுத் தானியத்தைப் போட்டு விடுங்கோவன். சட்டி சின்னன் எண்டாலென்ன, ரெண்டு தரம் நிரப்பலாம்தானே."

வாய்க்குப் போன கவளம் நடுவழியில் நின்றது. தியாகலிங்கம் அதை மெல்லக் கோப்பையில் வைத்தார். அவளை ஒருமுறை பார்த்தார். பிறகு எழும்பினார். கை கழுவவில்லை. குழம்பும் சோறும் ஒட்டிய வலக்கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, குடையும் எடுக்காமல், கழன்ற பலகைக்குள்ளால் பக்கவாட்டாக நுழைந்து போய்விட்டார்.

கோப்பையில் மீன்தலை ஒரு கண்ணால் இராசமலரைப் பார்த்துக்கொண்டு கிடந்தது.

பின்னேரம் வேலிக்கு அப்பால் கரோல் போட்ட கூச்சலில் தெருவில் ஒரு நாய் குரைத்தது. இருட்டுப்படுகிற நேரம் தியாகலிங்கம் வந்தார். தலைமயிரெல்லாம் ஈரம், முகமெல்லாம் சிரிப்பு.

"எண்பத்தாறு," என்றார்.

"ஆற்றை யோசனை எண்டு அவ கேக்கேல்லையோ?"

"கேட்டவ. சாப்பிடேக்கை வந்ததெண்டு சொன்னன்."

"ஆருக்கு வந்தது?"

அவர் அதற்குள் டிவியைப் போட்டுவிட்டார். அடுத்தநாள் காலையில் கழன்ற பலகைக்குள்ளால் ஒரு கை நீண்டு வாழைப்பழக் கேக் ஒன்றைத் தந்தது. "தியோவுக்கு. அவன் ஒரு மேதை," என்றாள் கரோல்.

திங்கட்கிழமை, தான் வேலை செய்கிற முதியோர் இல்லத்துச் சலவை அறையில் படுக்கை விரிப்புகளை மடித்தபோது இராசமலர் ஒரு விரிப்பை இழுத்த இழுப்பில் மறுமுனையைப் பிடித்திருந்த மீனாட்சி ஒரு அடி முன்னால் வந்துவிட்டாள். மீனாட்சி திருச்சிக்காரி. புருஷன் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை.

"என்ன மலர், விரிப்பு மேல என்ன கோபம்?"

இராசமலர் சொன்னாள். ஒன்றும் விடாமல் சொன்னாள், மீன்தலை உட்பட.

"சரி, இப்போ உனக்கு எது எரியுது? அவ பேர் சொல்லிக் கூப்பிடறதா, இவர் அங்கயே கிடக்கறதா?"

"அதெல்லாம் பழகிப்போச்சு. என்ரை தேங்காய்ப்பாலைக் கொண்டுபோய் அவளிட்டைக் குடுத்திட்டுத் தன்ரை மூளை எண்டு சொல்லிப்போட்டார். அவள் மேதை எண்டு கேக் தாறாள். கேக்கிலை முட்டை மணம்."

"எங்க வீட்டுக்காரர் நான் வைக்கிற ரசத்தை அவங்கம்மா கைப்பக்குவம்னு ஆபீஸ் பூரா சொல்லிட்டுத் திரியறார். நான் ரெண்டு வாரம் ரசமே வைக்கல."

"பிறகு?"

"அவருக்குத் தெரியவே இல்ல. சாம்பார் ஊத்திச் சாப்பிட்டுட்டுப் போயிட்டார்." மீனாட்சி விரிப்பின் மூலைகளைச் சேர்த்தாள். "நீ மூஞ்சியத் தூக்கி வச்சிட்டு இருந்தா யாரும் பாக்கப் போறதில்ல மலர். ஐடியா உன்னுது. அந்த வாளியில உன் பங்கும் இருக்குல்ல? போய் எடுத்துக்க."

பகிடிக்குச் சொன்னதுதான். ஆனால் பஸ்ஸில் வீடு வரும் வழியெல்லாம் அந்தப் பங்கு என்ற சொல் இராசமலரின் மடியில் ஏறி இருந்தது.

செவ்வாய்க்கிழமை அவளுக்கு லீவு. கரோலும் வேலைக்குப் போயிருந்தாள். கேக் வந்த தட்டைத் திருப்பி வைக்கவேண்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு இராசமலர் முதல்முறையாக அந்தப் பலகைகளுக்குள்ளால் போனாள். கராஜ் பூட்டியிருக்கவில்லை. உள்ளே அவள் நினைத்ததுபோல ஒன்றும் இல்லை. காலொடிந்த மேசை, காஸ் அடுப்பு, அந்தச் சின்னச் சட்டி. அதைப் பார்த்ததும் அவளுக்கே பாவமாக இருந்தது. கோயில் பொங்கலுக்கு அவள் கொண்டுபோகிற பானை இதைவிடப் பெரிது. மேசையில் ஒரு பழைய கொப்பி, தண்ணீர்க் கறை படிந்தது. மூலையில் போர்வை சுற்றிய வெள்ளை வாளி. அதன் மூடியில் செருகிய குழாயில் தண்ணீர் குமிழி விட்டது. குளுக். ஒரு மூச்சு இடைவெளி. குளுக்.

மூடியைத் திறந்தாள்.

நுரை நாலு விரல் தடிப்புக்கு மஞ்சளாகப் பொங்கி நின்றது. அந்த மணம் முகத்தில் அடித்ததும் அவள் கராஜில் நிற்பதை மறந்துபோனாள். கள்ளு முட்டியைத் திறந்த மணம். இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து கடை ஈஸ்ட்டைப் போட்டு அப்பம் சுட்டுப் பார்க்கிறாள். அது பாண் ரொட்டிக்கும் அப்பத்துக்கும் நடுவில் ஏதோவொன்றாகத்தான் வருகிறது. கள்ளு விட்டுப் புளிக்கவைத்த மாவுக்கு இருக்கிற அந்தக் கூர் வருவதில்லை. இதோ, நாலு விரல் தடிப்பில், தன் யோசனையில் பொங்கி நிற்கிறது.

வீட்டுக்குப் போய் அகப்பையைக் கழுவிச் சுடுதண்ணீரில் அலசி எடுத்துவந்தாள். ஒரு அகப்பை போதும். அது அவளுக்குத் தெரியும். ஒரு அகப்பை எடுத்தாள். 'தியோ' என்றது மனதுக்குள் ஒரு குரல். இன்னொன்று எடுத்தாள். மேதை. இன்னொன்று. வாளி கரிய திரவமாக மொட்டையாகத் தெரியும்வரை வழித்தாள். இரண்டு ஜாம் போத்தல் நிறைந்தது. மூடியை இறுக்கி, போர்வையைச் சுற்றி, தட்டை மேசையில் வைத்துவிட்டு வந்தாள்.

அரிசியை ஊறவைத்து அரைத்தாள். ஒரு போத்தல் நுரையை மாவில் விட்டுச் சுடுதண்ணித் தாங்கி இருக்கிற அலுமாரிக்குள், துவாய்களுக்கு நடுவில், சட்டியை வைத்தாள். ஒக்லாந்துக் குளிரில் மாவு புளிக்கிற இடம் அது ஒன்றுதான். மற்றப் போத்தல் பிரிஜ்ஜுக்குள் போயிற்று. காலையில் மாவு சட்டியைத் தாண்டித் துவாயில் ஏறியிருந்தது.

அன்று பின்னேரம் தியாகலிங்கம் வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றும்போதே மூக்கை உயர்த்தினார். முதல் அப்பத்தின் முறுகல் விளிம்பை உடைத்து வாயில் வைத்தார். மென்றார். நிறுத்தினார்.

"எங்கை கள்ளு வாங்கினனீர்?"

"கள்ளோ, இஞ்சையோ? கடை ஈஸ்ட்தான். நல்லாப் புளிச்சிட்டுது."

"இல்லை. இது..." இன்னொரு துண்டு. "இது அக்கான்ரை அப்பம்."

ஒன்பது மாதத்தில் அவர் அக்கா என்ற சொல்லைச் சொன்னது அப்போதுதான். அதன்பிறகு நிற்கவில்லை. அக்கா அப்பம் சுடும்போது முதல் அப்பத்தை அடுப்புக்குப் போடுவாள், இரண்டாவது தனக்குத்தான் என்று அவர் சின்னவயதில் அடுப்பங்கரையைவிட்டு நகராத கதை. ஆய்வுகூடத்தில் அமிலம் பட்டு ஓட்டையான காற்சட்டையை அக்கா பூப்போட்டுத் தைத்துத்தந்த கதை. நிசாந்தினிகூட வோக்மனைக் காதிலிருந்து எடுத்துவிட்டுச் சிரித்தாள். பத்து அப்பம் சாப்பிட்டார். கடைசி அப்பத்தை இராசமலருக்கென்று பாதி உடைத்துக் கொடுத்தார்.

"அவ எங்கையாவது சாவகச்சேரிப் பக்கம் இருப்பாதானே," என்றார் திடீரென்று.

"இருப்பா. தபால் ஓடத் தொடங்கக் கடிதம் வரும்."

"ம்," என்றார். அந்த 'ம்' வேறு மாதிரி இருந்தது.

அவள் அன்று பாத்திரம் கழுவும்போது ஜன்னலைத் திறந்துவைத்தாள். வேலியைப் பார்த்து மனதுக்குள் சொன்னாள்: உன்ரை கேக்கை நீயே சாப்பிடு.

சனிக்கிழமை "தியோ" வந்தது. அவர் போனார். சிரிப்பு வரவில்லை. அரை மணித்தியாலத்தில் திரும்பிவிட்டார்.

"குழல் நாப்பதிலை நிண்டுட்டுது. ஈஸ்ட் சீனியைத் தின்னத் தின்ன இறங்கவேணும். இறங்குதில்லை."

"இறங்கும்."

அடுத்த சனிக்கிழமையும் நாற்பதுதான். குளுக் நின்றுபோயிருந்தது. அன்று அவர் திரும்பிவந்து செட்டியில் சுவர்ப்பக்கம் பார்த்துப் படுத்தார். வெளியே மழை தகரத்தில் விழுந்தது. இராசமலர் தேத்தண்ணி கொண்டுபோய் வைத்தாள். சுவரைப் பார்த்தபடியே அவர் கதைத்தார்.

"பாயாசம் மாதிரி இனிக்குது. அவ்வளவு சீனியும் அப்பிடியே நிக்குது. அதைத் தின்ன ஈஸ்ட் இல்லை. வழமையாய் மேலை எவ்வளவு நுரை நிக்கும். ஆரோ வழிச்செடுத்த மாதிரிக் கிடக்கு."

இராசமலர் தேத்தண்ணிக் கோப்பையின் கைபிடியை அவர் பக்கம் திருப்பி வைத்தாள். ஒரு தேவையும் இல்லாமல் மறுபடி திருப்பினாள்.

"கரோல் இண்டைக்கு அழுதவ. தம்பிக்காரனோடை ஆறு வருசமாய்க் கதையில்லை, அந்த அண்டாவாலைதான். செப்டெம்பரிலை தேப்பன்ரை பிறந்தநாளுக்கு வாறன் எண்டு இப்பதான் சொல்லியிருக்கிறானாம். தேப்பன்ரை பியரைக் காய்ச்சி முன்னாலை வைப்பம், உன்ரை அண்டா இல்லாட்டியும் நான் காய்ச்சுவன் எண்டு காட்டுவம் எண்டு நினைச்சிருந்தா. நாளைக்கு ஊத்திப்போடப் போறாவாம்."

"வேறை ஈஸ்ட் போடேலாதோ?"

"ஒரு பக்கெட் போட்டுப் பாத்தாச்சு. இவ்வளவு தடிப்பான தண்ணிக்குள்ளை அது எழும்புதில்லை." அவர் தேத்தண்ணியைத் தொடவில்லை. "இனி அங்கை போற வேலை இல்லை."

அவள் கேட்டது கிடைத்திருந்தது. இனி சனிக்கிழமை சனிக்கிழமையாக இருக்கும். மனுஷன் வீட்டோடு கிடப்பார். கிடக்கிறார், இதோ, முதுகைக் காட்டிக்கொண்டு. வேலிக்கு அந்தப் பக்கம் சிரித்த மனுஷன்தான் அவளுக்கு வேண்டும். அப்பத்தைப் பாதி உடைத்துத் தந்த மனுஷன்தான் வேண்டும். இந்த முதுகை அவள் ஒன்பது மாதமாகப் பார்த்தாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை விடிய எழும்பிப் பிரிஜ்ஜிலிருந்து மற்றப் போத்தலை எடுத்தாள். அடியில் களி மாதிரி வெள்ளையாகப் படிந்திருந்தது. இளஞ்சூட்டுத் தண்ணீரில் சீனி கரைத்து விட்டு, அலுமாரிக்குள் துவாய்களுக்கு நடுவில் வைத்தாள். மத்தியானத்துக்குள் போத்தல் பொங்கித் துணியை நனைத்தது. தியாகலிங்கம் படுத்திருந்தார். நிசாந்தினி நியூ லின்னுக்குச் சிநேகிதிகளோடு போயிருந்தாள். இராசமலர் போத்தலைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு வேலிக்குள்ளால் போனாள்.

கரோல் கம்பூட்ஸோடு நின்றாள். வாளி எலுமிச்சை மரத்தடிக்கு வந்துவிட்டிருந்தது. மூடி திறந்திருந்தது.

"வெயிட்," என்றாள் இராசமலர்.

அவளுடைய இங்கிலீஷ் சலவை அறைக்கும் பஸ்ஸுக்கும் போதுமானது. குற்றத்தை ஒப்புக்கொள்ளப் போதுமா என்று அவள் இதுவரை யோசித்ததில்லை. போத்தலை நீட்டினாள். "இது உங்களுடையது. நான் எடுத்தேன். அந்தச் செவ்வாய்க்கிழமை. முழுவதும்."

கரோல் போத்தலைப் பார்த்தாள், வாளியைப் பார்த்தாள், மறுபடி அவளைப் பார்த்தாள். முகம் சிவந்தது. "ஏன்?"

"அப்பம் சுட." அது பாதி உண்மை என்று இருவருக்கும் தெரிந்தது. இராசமலர் மற்றப் பாதியையும் சொன்னாள். "கோபம். இரண்டு தரம் ஊறவைக்கிற யோசனை என்னுடையது. என் தேங்காய்ப்பால். அவர் சொல்லவில்லை. நீங்கள் அவருக்குக் கேக் தந்தீர்கள்."

எலுமிச்சை மரத்திலிருந்து மழைத்துளி ஒன்று வாளிக்குள் விழுந்தது. கரோல் சட்டென்று மூடியை எடுத்து வாளியின்மேல் வைத்தாள்.

"அது என் அப்பாவின் பியர்," என்றாள். குரல் கடுமையாக இருந்தது.

"தெரியும். நேற்றுத்தான் தெரியும்."

"உன்னை நான் மன்னிப்பேன் என்று நினைக்காதே. இது வேலை செய்தால் பிறகு பார்க்கலாம்." போத்தலை வாங்கி வெளிச்சத்துக்குப் பிடித்தாள். உள்ளே நுரை ஏறி இறங்கியது. பிறகு மூக்கால் ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா கோபமா தெரியவில்லை. "அண்டாவைக் கொண்டுபோன என் தம்பியும் இப்படித்தான். அப்பாவின் பியருக்குக் கரும்புப் பாகு சேர்க்கச் சொன்னது நான். பதினேழு வயதில். இன்றைக்கும் எல்லோரிடமும் தன் யோசனை என்றுதான் சொல்கிறான். பிடி அந்தப் பக்கத்தை."

இரண்டு பேருமாக வாளியைத் தூக்கிக் கராஜுக்குள் கொண்டுபோனார்கள். கரோல் நுரையை ஊற்ற இராசமலர் போர்வையைச் சுற்றினாள். ஒன்று போதாது என்று தன் தோளிலிருந்த கம்பளிச் சால்வையையும் எடுத்துச் சுற்றினாள். பிறகு செய்வதற்கு ஒன்றும் இல்லை. இரண்டு மரப்பெட்டிகளைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்து குழாயையே பார்த்தார்கள்.

"என்ன கதைப்பீர்கள் இவ்வளவு நேரமும்?" என்று இராசமலர் கடைசியில் கேட்டாள். அதைக் கேட்கத்தான் ஜூன் மாதத்திலிருந்து அவளுக்கு நாக்குத் துடித்தது.

"கதைப்பதா? அவன்தான் கதைப்பான். அந்தக் கண்ணாடிக் குழலைப்பற்றி. அடர்த்தி, சூடு, அடர்த்தி. எனக்குப் பாதி விளங்காது. சிலவேளை காது வலிக்கும். உன் வீட்டில் தொல்லை தாங்காமல் நீதான் இங்கே அனுப்பிவைக்கிறாய் என்று நினைத்தேன்."

இராசமலருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. கரோலும் தொடங்கினாள்.

"நீ அவனை என்ன சொல்லிக் கூப்பிடுவாய்? பெயர் சொல்லி நான் கேட்டதேயில்லை."

"இஞ்சாருங்கோ."

"இஞ்சா..."

"ருங்கோ. இங்கே பாருங்கள் என்று அர்த்தம். மரியாதை."

கரோல் நாலைந்து தரம் சொல்லிப் பார்த்தாள். "நல்ல சொல். பெயரைவிட வசதியாக இருக்கிறது. யாரையும் கூப்பிடலாம் போல."

குழாயில் தண்ணீர் ஒரு பக்கம் சரிந்து நின்றது. இரண்டு பேரும் பேச்சை நிறுத்தினார்கள்.

குளுக்.

செவ்வாய்க்கிழமை வேலையால் வந்த தியாகலிங்கம், கரோல் கூப்பிடப் போய், கராஜைப் பார்த்துவிட்டு ஓடிவந்தார். "இஞ்சரும், திரும்பத் தொடங்கிட்டுது. முப்பதுக்கு வந்திட்டுது. நான் போன சனி வாளியை ஒருக்கா ஆட்டிவிட்டனான். அடியிலை படிஞ்ச ஈஸ்ட் கிளம்பியிருக்கவேணும். ஆக்களுக்கு இந்த விசயம் தெரியாது."

"அப்பிடியோ," என்றாள் இராசமலர். வாளியில் சுற்றிய அவளுடைய சால்வை அவர் கண்ணில் படவேயில்லை.

அவர் பின்னால் கதவடியில் கரோல் நின்றாள். வாயைத் திறக்கப் போனவளை இராசமலர் பார்த்தாள். கரோல் வாயை மூடிக்கொண்டு, தன் கம்பூட்ஸ் நுனியைக் கவனமாகப் பார்த்தாள்.

அடுத்த சனிக்கிழமை மழை விட்டிருந்தது. இருபத்திரண்டுக்கு இறங்கிய பியரைப் போத்தலில் அடைத்தாயிற்று. தம்பிக்காரன் குடிக்கிற வேகத்துக்கு அது போதாது என்று இன்னொரு வாளி காய்ச்சுவதாகக் கரோல் சொல்லியிருந்தாள். தியாகலிங்கம் குசினியில் முக்காலியில் இருந்து தேங்காய் துருவிக்கொடுத்தார். பத்து மணிக்கு அவருடைய ஒரு காது வேலிப்பக்கம் திரும்பியது.

"இஞ்சாருங்கோ," என்று வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கரோலின் குரல் வந்தது.

தியாகலிங்கத்தின் கையிலிருந்த தேங்காய் திருவலையில் நின்றுபோனது. "இதென்ன இவ..." பாதி எழும்பினார்.

"நீங்கள் இருங்கோ. அது எனக்கு."

சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு இராசமலர் பின்கதவால் போனாள். கராஜில் கரோல் முதல் ஊறலை வடித்து, சக்கையைக் கொட்டி, அந்தச் சின்னச் சட்டியை மறுபடி அடுப்பில் ஏற்றியிருந்தாள். ஹார்லிக்ஸ் மணத்தில் இராசமலர் மரத்துடுப்பைப் பிடித்துக் கிண்ட, கரோல் புதுத் தானியத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டினாள். கொட்டிக்கொண்டே வாளியை ஆட்டிவிட்ட மேதையைப்போலத் தானியப் பையைப் பிடித்து ஆட்டிக்காட்டினாள். இராசமலர் வாய்விட்டுச் சிரித்தாள். தன் சிரிப்பு வேலி தாண்டிப் போவது அவளுக்குத் தெரிந்தது. கொஞ்சம் கூடவே சிரித்தாள்.

பலகையடியில் நிழல் தட்டியது. அது கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது.

"என்னத்துக்குச் சிரிக்கிறியள்?" என்றது.

துடுப்பு சட்டியில் சுற்றியது. தியாகலிங்கம் பக்கவாட்டாக நுழைந்து கராஜ் வாசலில் வந்து நின்றார். கையெல்லாம் தேங்காய்ப்பூ. இரண்டு பெண்களையும் சட்டியையும் மாறிமாறிப் பார்த்தார். அவருக்கென்று அங்கே இடம் இல்லை. காலொடிந்த மேசையில் அவருடைய கண்ணாடிக் குழல்கூட இராசமலரின் பக்கத்தில்தான் இருந்தது.

பிறகு கரோலைப் பார்த்து இங்கிலீஷில் சொன்னார்: "இந்த இரண்டாம் தரம் ஊறவைக்கிற யோசனை. அது உண்மையில் இவளுடையது. என் மனைவியுடையது. முதல் தடவையும் இவள்தான் சொன்னாள்."

"தெரியும்," என்றாள் கரோல்.

அவர் இராசமலரைப் பார்த்தார். இராசமலர் துடுப்பை நிறுத்தவில்லை. ஆனால் அடுப்பை ஒட்டி நின்றவள் அரை அடி தள்ளி நின்றாள். அந்த இடத்தில் ஒரு ஆள் நிற்கலாம்.

"கையைக் கழுவிப்போட்டு வாங்கோ," என்றாள்.